கிரவுனுக்குக் காசு இருக்கா என்று முதலில் கேட்ட கிளினிக்

நாலு நட்சத்திரம். ஒன்று குறைந்ததற்குக் காரணம் வைத்தியம் இல்லை, மாடிப்படியும் டெலிபோனும். அதை நடுவில் சொல்கிறேன்.

பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வாய்க்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) பல் பிடுங்க என்றைக்குமே ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பல்லை வைத்துக் காப்பாற்றத்தான் ஆள் இல்லை. ரூட் கேனல் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைப்பது) என்றாலே ரவாங், சுங்கை பூலோ, கிள்ளான் என்று காரை எடுக்க வேண்டும். தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள் எங்கே அவ்வளவு தூரம் போவது? "பிடுங்கிடுங்க டாக்டர்" என்று வாயைத் திறந்துவிடுவார்கள். 1917-ல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தென்னமரத்தில் போட்ட வட்டாரம் இது. நூறு வருஷம் தாண்டியும், ஐம்பது வயதில் முழுப் பல்லோடு சிரிக்கிறவரைப் பார்த்தால் நாங்கள் கொஞ்சம் உற்றுத்தான் பார்ப்போம்.

கடைத்தெருவில் மேல்மாடியில் இருக்கிறது இந்தக் கிளினிக். என் வாய், என் வீட்டுக்காரி வாய், பக்கத்து வீட்டு மண்டோர் (தோட்டத்தில் ஆட்களை மேய்ப்பவர்) அண்ணன் வாய் என மூன்று வாய்க்கு இங்கே வேலை நடந்திருக்கிறது. மூன்று பேருக்கும் மூன்று விதமான பதில். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு பெரிய டவுனில், கீழ் வலது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்துகொண்டேன். பல்லை அடைத்துவிட்டு "முடிஞ்சது" என்றார்கள். கிரவுன், அதாவது பல்லின் மேல் தொப்பி மாதிரி மாட்டும் மூடி, என்கிற வார்த்தையே அந்த அறையில் வரவில்லை. வலி போனது, நானும் முறுக்கு, கச்சான் என்று எல்லாம் கடித்தேன். பிறகு ஒரு நாள் சாதத்தில் இருந்த சின்னக் கல்லில் மாட்டி, உள்ளே என்னவோ நகர்ந்த மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டுதான் இங்கே முதல் தடவை படி ஏறினேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், நம்ம பிள்ளைதான். எக்ஸ்ரே எடுத்ததோடு நிறுத்தவில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய ஊசி ஒன்றை ஈறு ஓரமாக இறக்கி, பல்லைச் சுற்றி அடி அடியாக நகர்த்தினார். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. கன்னத்துப் பக்கம் நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஊசி சர்ரென்று இறங்கியது. "ஒன்பது." அடுத்த புள்ளியில் திரும்பவும் மூன்று.

"ஈறு நோய்னா அகலமா இறங்கும் அங்கிள். இப்படி ஒரு கோடு மாதிரி ஒரே இடத்துல இறங்கினா வேர் பிளந்திருக்கும்னு சந்தேகப்படணும்."

பழைய அடைப்பை எடுத்துவிட்டு உள்ளே ஒரு நீல மையைத் தடவிக் கழுவினார். வாய்க்குள் விடும் கேமராவில் திரையைக் காட்டினார். பல்லின் தரையில் முன்னிருந்து பின்வரை நூல் போல ஒரு நீலக்கோடு. அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கிரவுன் போட்டாலும் நிற்காது என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார். இவர் நினைத்திருந்தால் அந்தப் பல்லின் மேல் ஒரு கிரவுனைக் கவிழ்த்து என் காசை வாங்கியிருக்கலாம். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

நான் செம்பனை ஆலையில் லேப் ஆள். நாள் முழுக்க எண்ணெயில் ஈரம் எவ்வளவு, கொழுப்பமிலம் எவ்வளவு என்று பார்ப்பதே பிழைப்பு. அதனால் டாக்டரிடம் கேட்டேன்: "நரம்பு எடுத்த பல் செத்த பல், காய்ஞ்சு போய் உடையும்னு சொல்றாங்களே, நெஜமா?" சிரித்தார். அது பழைய நம்பிக்கையாம். 1994-ல் பாப்பா, கெய்ன், மெஸ்ஸர் என்ற மூன்று ஆய்வாளர்கள் உயிருள்ள பல்லையும் ரூட் கேனல் செய்த பல்லையும் எடுத்து ஈரப்பதம் அளந்திருக்கிறார்கள். ஒன்றில் 12.35 விழுக்காடு, இன்னொன்றில் 12.10. எங்கள் லேப்பில் இந்த மாதிரி இரண்டு எண் வந்தால் வித்தியாசம் என்று யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டோம்.

பிறகு எதனால்தான் உடைகிறது? சொத்தை தின்றதும், அதைச் சுரண்ட நாம் தோண்டியதும்தான். 1989-ல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் செய்த சோதனையில், ரூட் கேனலுக்காக மேலே போடும் துளை மட்டும் பல்லின் விறைப்பை 5 விழுக்காடு குறைத்தது. பல்லின் முன் விளிம்பும் பின் விளிம்பும் போகிற மாதிரி குழி வெட்டினால் 63 விழுக்காடு. கேட்டதும் என் பழைய பல் ஏன் பிளந்தது என்று விளங்கிவிட்டது. இரண்டு விளிம்பும் போன பல்லை, மேலே மூடி எதுவும் போடாமல், வெறும் அடைப்போடு மெல்ல அனுப்பியிருக்கிறார்கள்.

இனி இரண்டாவது பல், மேல் இடது கடைவாய். இதற்குத்தான் தலைப்பில் போட்ட கேள்வி வந்தது.

"ரூட் கேனல் பண்ணலாம் அங்கிள். ஆனா மேல கிரவுன் போட்டே ஆகணும். ரெண்டுக்கும் சேர்த்துதான் நான் விலை சொல்வேன். இப்ப வசதி இல்லன்னா சொல்லுங்க, வேற வழி பேசலாம். பாதியில விடுற மாதிரி இருந்தா ஆரம்பிக்க வேணாம்."

சேர்த்து 2,400 வெள்ளி (ரிங்கிட்). சத்தியமாக வயிறு கலங்கியது. எங்கள் ஆலையின் பேனல் கிளினிக் ஏற்பாட்டில் கிரவுன் கிடையாது. ஆனால் இரண்டு செலவையும் ஒரே மூச்சில் சொல்கிறவர் நேர்மையானவர் என்று என் புத்திக்குப் பட்டது. ரூட் கேனலுக்கு மட்டும் விலை சொல்லி உட்கார வைத்துவிட்டு, வலி போன பிறகு இன்னொரு ஆயிரத்துச் சொச்சம் கேட்டால் யார் திரும்பி வருவார்கள்? கிரவுன் இல்லாமல் அலையும் பற்களில் பாதி இப்படித்தான் உண்டாகிறது என்பது என் கணிப்பு.

அதற்குப் பிறகும் உடனே நரம்பைத் தொடவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சம் நின்ற சுவரின் உயரத்தை அதே கோடு போட்ட ஊசியால் அளந்தார். கன்னத்துப் பக்கம் நான்கு மில்லிமீட்டர், அண்ணத்துப் பக்கம் மூன்று, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றுக்கும் கீழே. கிரவுனின் விளிம்பு சொந்தப் பல்லைச் சுற்றிக் கவ்விப் பிடிக்க வேண்டும், அடைப்பைப் பிடித்தால் போதாது என்பது கணக்கு. அந்தக் கவ்வலுக்கு ஃபெரூல் என்று பெயர். சுற்றிலும் ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உயரம் சொந்தப் பல் இருக்க வேண்டும், சுவரும் ஒரு மில்லிமீட்டராவது தடிப்பாக இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மெல்லும் பாரம் முழுக்க வேருக்குப் போய், கிரவுன் கழன்று வரும் அல்லது வேர் பிளக்கும்.

"மூணு பக்கம் நல்லா இருக்கு, பின்னால மட்டும் குறைச்சல். முழு வட்டம் இல்லாட்டியும் இது தாங்கும்னு நெனைக்கிறேன். காரண்டி மட்டும் கேட்காதீங்க."

கேட்கவில்லை. அளந்து சொன்ன பேச்சுக்கு மேலே நான் என்ன காரண்டி கேட்பது?

வேலை நடந்த நாளில் ஒரு பச்சை ரப்பர் தாளைக் கொண்டுவந்தார்கள். அதில் ஓட்டை போட்டு, அந்தப் பல்லை மட்டும் வெளியே தெரியவிட்டு, மிச்ச வாயை மூடி, ஒரு சட்டத்தில் இழுத்து மாட்டினார்கள். புதினா வாசனை அடித்தது. "நாஃபாஸ் இக்குட் ஹிடோங், பாக்சிக்" (மூக்கால மூச்சு விடுங்க அங்கிள்) என்று அந்த மலாய்ப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். எச்சில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாதாம், போனால் கிருமியும் கூடவே போகும். 1864-ல் நியூயார்க்கில் பார்னம் என்ற பல் மருத்துவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. என் பழைய ரூட் கேனலில் இதைக் கண்ணிலேயே பார்த்ததில்லை. என் அம்மா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். அவள் வெட்டிய பால் இப்படி யார் யார் வாயில் போய் விரிந்ததோ.

வேருக்குள் வைத்து அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சியும் நம்ம பக்கத்துச் சரக்குதான். அதன் பெயர் கட்டா பெர்ச்சா, காட்டில் இருக்கும் தாபான் மரத்தின் பால். 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இதைத்தான் உறையாகச் சுற்றினார்கள். அதற்காக மலாயாக் காட்டில் மரங்களை வெட்டித் தள்ளிய கதையை டாக்டரிடம் நான் சொன்னேன். வாயிலிருந்து ரப்பர் தாளை எடுத்த பிறகுதான்.

வேர் அடைத்த அன்றைக்கே, ரப்பர் தாளைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, மேல் கட்டுமானத்தையும் (வேருக்கு மேலே பல்லை நிரப்பி மூடும் நிரந்தர அடைப்பு) போட்டுவிட்டார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். தற்காலிக அடைப்பு என்பது சில வாரத்துக்கான சமாசாரம். அது தேய்ந்தோ விரிசல் விட்டோ போனால், எச்சில் மேலிருந்து கசிந்து, சுத்தம் செய்த வேருக்குள் திரும்பவும் கிருமி குடியேறும். வலிக்க நரம்பு இல்லாததால் நமக்கும் தெரியாது. எங்கள் ஆலையில் வெட்டிய குலை ரேம்ப்பில் (குலையைக் கொட்டி வைக்கும் மேடை) கிடந்தால் இப்படித்தான். வெளியே பார்க்கப் பழம் பழமாகவே இருக்கும், உள்ளே கொழுப்பமிலம் மணிக்கு மணி ஏறும். கடைசியில் எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டி நின்ற பிறகுதான் எல்லாரும் கத்துவார்கள்.

1995-ல் ரே, ட்ரோப் என்ற இருவர் 1,010 பற்களின் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்தது. வேர் அடைப்பும் மேல் கட்டுமானமும் இரண்டுமே நன்றாக இருந்த பற்களில் 91.4 விழுக்காட்டில் வேர் நுனியில் அழற்சி இல்லை. வேர் அடைப்பு நன்றாக இருந்தும் மேலே மோசமாக இருந்தால் அது 44.1-க்கு இறங்கிவிட்டது. மேலே நன்றாக இருந்து வேர் அடைப்பு மோசம் என்றாலும் 67.6 நின்றிருக்கிறது. இதை வைத்து மேல் மூடிதான் எல்லாம் என்று சிலர் பேசினார்கள். 2011-ல் கில்லன் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கீழும் மேலும் சம முக்கியம் என்று அதைச் சரிப்படுத்தினார்கள். கிரவுனைத் தள்ளிப்போடுவதைப் பற்றி 2016-ல் பிராட் குழுவினர் எழுதியது இன்னும் உறைக்கும். ரூட் கேனல் முடிந்து 4 மாதத்துக்குப் பிறகு கிரவுன் போட்ட பற்கள், அதற்குள் போட்டவற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகப் பிடுங்கப்பட்டிருக்கின்றன. தீபாவளி போனஸ் வரட்டும் என்று இருக்கிறவர்கள் இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

"உள்ள கம்பி வைக்கலையா?" என்று கேட்டேன். கம்பி வைத்தால் பல் உறுதியாகும் என்பது ஊர்ப் பேச்சு. போஸ்ட் என்கிற அந்தக் கம்பி வேரை உறுதியாக்காது, மேலே கட்டும் அடைப்பு விழாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார். அதை நுழைக்க வேரை உள்ளிருந்து இன்னும் குடைய வேண்டும், குடைந்தால் வேர் மெலியும். கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் நல்ல பள்ளம் இருப்பதால் பெரும்பாலும் அதுவே போதும். தேவைப்பட்டாலும் வேர் நுனியில் நாலைந்து மில்லிமீட்டர் அடைப்பை விட்டுவைத்துத்தான் போஸ்ட் இறக்க வேண்டுமாம், ஃபைபரில் செய்ததையே விரும்புவாராம். விற்றிருந்தால் காசு. விற்கவில்லை.

சிர்கோனியா (பீங்கான் வகை) கிரவுன் பல் செய்யும் லேப்பிலிருந்து வந்த அன்றைக்கு ஒட்டுவார் என்று பார்த்தால், மாட்டிப் பார்த்துவிட்டு நூலை இரண்டு பல்லுக்கு நடுவே இறக்கினார். தடையே இல்லாமல் வழுக்கி இறங்கியது. "இடைவெளி லூஸா இருக்கு, கீரைத் தண்டு எல்லாம் போய் மாட்டும்" என்று சொல்லி, லேப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சல்தான், ஆலையில் இன்னொரு லீவு சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த தடவை நூல் டக் என்று சத்தம் போட்டு இறங்கியது. பிறகு நீலத் தாளைக் கடிக்கவிட்டு, மேடாக மை பிடித்த இடத்தை மட்டும் தேய்த்து, திரும்பக் கடிக்கவிட்டு, அதற்குப் பிறகே சிமெண்ட் போட்டார்.

இப்போது குறை. இந்த இடைப்பட்ட நாளில் தற்காலிகக் கிரவுன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தோசையோடு கையில் வந்தது. போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை. வாட்ஸாப்பில் போட்ட கேள்விக்குத் திங்கட்கிழமை காலையில் ஒரு கட்டைவிரல் வந்தது. மேல் மூடியைப் பற்றி அவ்வளவு பேசுகிற கிளினிக், அது விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கக் கூடாதா? மாடிப்படி இன்னொரு வேதனை. செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். மண்டோர் அண்ணன் முட்டிவலிக்காரர், ஏறி முடித்ததும் பல்வலியை மறந்துவிட்டார். அப்பாயின்மெண்ட் நேரத்துக்கு யாரையும் உள்ளே கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. விலைப் பட்டியலும் எங்கும் தொங்கவில்லை. டாக்டரின் வருடாந்தரப் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே வந்து பல்லில் கம்பி மாட்டுகிற போலி டாக்டர் கும்பல் சுற்றும் காலம் இது.

மண்டோர் அண்ணனுக்குக் கிடைத்த பதில் வேறு. அவர் காட்டியது கீழ் வரிசையின் கடைசிப் பல். முன்னால் இருந்த பல் எப்போதோ போய்விட்டது. போதாக்குறைக்கு, அவர் கழற்றி மாட்டும் பல் செட்டின் கொக்கி இந்தப் பல்லைத்தான் பிடித்துத் தொங்குகிறது. 2010-ல் இங், மேன், குலாபிவாலா ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, ரூட் கேனல் செய்த பல் நீண்ட நாள் நிற்க உதவுபவை என்று நான்கைச் சொன்னார்கள்: கிரவுன் இருப்பது, இரண்டு பக்கமும் துணைக்குப் பல் இருப்பது, வேறு செயற்கைப் பல்லைத் தாங்காமல் இருப்பது, கடைவாய்ப் பல்லாக இல்லாமல் இருப்பது. அண்ணன் பல்லுக்குக் கிரவுனைக் காசு கொடுத்து வாங்கலாம், மற்ற மூன்றையும் எங்கே வாங்குவது? "பண்ணச் சொன்னா பண்றேன் மாமா, ஆனா என் அப்பாவா இருந்தா நான் எடுக்கத்தான் சொல்வேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு, கிளினிக்கைத் திட்டிக்கொண்டே அங்கேதான் செட்டை மாற்றிக் கட்டினார். என்னைக் கேட்டால் டாக்டர் சொன்னது சரி.

என் வீட்டுக்காரிக்கு முன்பல். சின்ன வயதில் விழுந்து அடிபட்டு, நரம்பு செத்துப் போயிருந்தது. பல் முழுசாக இருந்தது, சொத்தை இல்லை. ரூட் கேனல் செய்து, பின்பக்கத் துளையை வெள்ளை அடைப்பால் மூடி, அதோடு விட்டுவிட்டார்கள். முன்பல் கடைவாய்ப் பல் மாதிரி பாரம் தாங்குவதில்லை, ஆரோக்கியமான சுவரைச் சீவி கிரவுன் போட்டால் நஷ்டம்தான் என்றார். "எனக்கு மட்டும் ஏன் தொப்பி இல்லை?" என்று இவள் கேட்டதுதான் வேடிக்கை.

காசைப் பற்றி: மூன்று தவணையாகக் கட்டவிட்டார்கள், வட்டி இல்லை, கியூஆர் இருக்கிறது, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டால் கொடுக்கிறார்கள். இவ்வளவு முடியாது என்றால் அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது. அங்கே செலவு சொற்பம், ஆனால் கடைவாய்ப் பல் ரூட் கேனல் என்றால் நிபுணரிடம் அனுப்புவார்கள், வரிசை நீளம். சுங்கை பூலோவில் யூஐடிஎம் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், ஒவ்வொரு தடவையும் பாதி நாள் போகும். எங்கே போனாலும் பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். மிச்சச் சுவர் எத்தனை மில்லிமீட்டர், கிரவுன் எப்போது, மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் கிளினிக்கில் அதைக் கேட்க வேண்டிய வேலை எனக்கு வரவில்லை.